உன் வரிப் படிவத்தில் நான் எழுதாத பெயர்

தம்பி,

நீ சூட்கேசை இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனபோது நான் குசினிக்குள் அடுப்படியில்தான் நின்றேன். வாசலுக்கு வரவில்லை. கோபத்தில் வரவில்லை என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லையடா, உன்னைப் பார்க்க முகம் இல்லை. அன்றிலிருந்து நீ ரொறன்ரோவுக்கு வெளியே ஒஷாவாவில் யாரோ ஒருவருடைய வீட்டு நிலக்கீழ் அறையில் உன் மனைவியோடு இருக்கிறாய். அப்பா போன் எடுத்தால் கதைக்கிறாய். நான் எடுத்தால் "ஓம் அம்மா, பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், அதுவும் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் மனைவியை நான் நாலு பேர் முன்னால்தான் இல்லாத ஆளாக்கினேன். அதைத் திருத்தும்போது மட்டும் உன் காதுக்குள் குசுகுசுத்தால் நியாயமில்லை. பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன். எங்கள் ஆட்களை உனக்குத் தெரியும், பெயரைக் கண்டால் விஷயத்தை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

பங்குனி பிறந்தால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை எனக்குச் சொந்தம். சம்பளக் கணக்குப் பார்க்கும் வேலை என்பதால் குடும்பத்தில் எல்லோருக்கும் ரக்ஸ், அதுதான் வருமான வரிப் படிவம், செய்வது நான்தான். மாமாமார் பிளாஸ்ரிக் பையில் ரசீதுத் துண்டுகளைக் கட்டிக்கொண்டு வந்து மேசையில் கொட்டிவிட்டுத் தேத்தண்ணி கேட்பார்கள். எனக்கு அதில் ஒரு பெரிய பெருமை, இல்லையென்று சொல்லமாட்டேன். அரசாங்கத்திலிருந்து எந்தக் கடிதம் யார் பெயருக்கு வந்தாலும் உடைப்பது நான்தான். ஒரு தரம் நீ, "அம்மா, உது என்ர பேருக்கு வந்தது" என்றாய். "உன்னையே நான்தான் பெத்தனான், கடிதம் என்ன பெரிய கடிதம்" என்றேன். அப்பா சிரித்தார், நீயும் சிரித்தாய். அன்று நீ சிரிக்காமல் அதை என் கையிலிருந்து பிடுங்கியிருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

இனி அவள். இந்தியாவில் திருநெல்வேலியிலிருந்து படிக்க வந்த பிள்ளை. வோபர்னில் இன்னும் இரண்டு பெண்பிள்ளைகளோடு ஒரு பேஸ்மென்ற், கொலிஜ் முடிந்தால் ஒரு கடையில் வேலை. நீ கூட்டிக்கொண்டு வந்து காட்டிய அன்றே, இது சும்மா கூட்டிக்கொண்டு வந்ததில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. அவளுடைய மாணவர் விசா முடியப்போகிறது, எழுத்தை எழுதினால்தான் ஸ்பொன்சர் செய்யலாம் என்று பிறகு சொன்னாய். நான் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டேன். "எழுத்தை எழுதுங்கோ. ஆனா படிப்பு முடிஞ்சு ஹோல் எடுத்துத் தாலி கட்டுற வரைக்கும் அவ அங்க, நீ இஞ்ச." எங்கள் ஆட்களுக்கு இது புதினமில்லை. கலியாணம் எங்களுக்கு இரண்டு தரம் நடக்கும். முதலில் பதிவுகாரரை வைத்துக் கையெழுத்து, அதை எழுத்து என்போம். சில வேளை ஒரு வருடம் கழித்துத்தான் தாலி. இடையில் அவர்கள் சட்டத்துக்குப் புருசன் பெண்சாதி, சொந்தக்காரருக்கு மாப்பிள்ளை பொம்பிளை. சட்டமும் சொந்தமும் சந்திக்காத வரைக்கும் இதில் ஒரு பிரச்சினையும் இல்லை.

எங்கள் முன்னறையில் எழுத்து நடந்தது. அவளுடைய அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து போனில் பார்த்தார்கள். போனை நான்தான் சீனி போட்டு வைக்கும் தகரப் பேணியில் சாத்தி வைத்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்டபோது அவளுடைய அம்மா அழுதது பேணிக்குப் பின்னால் நின்ற எனக்கும் கேட்டது. றோல்ஸ் தின்று, கேக் வெட்டி, படம் எடுத்தோம். பின்னேரம் ஐஸ்கிறீம் வாளியில் சோறும் கறியும் போட்டு அவள் கையில் கொடுத்து, "இருட்ட முதல் வெளிக்கிடும் பிள்ளை" என்று அனுப்பினேன். கலியாணம் எழுதிய அன்றே மனைவியை மார்க்கம் றோட்டில் பஸ் ஏற்றிவிட்டு வந்த மாப்பிள்ளை இந்த ரொறன்ரோவில் நீயாகத்தான் இருப்பாய். எனக்கு அப்போது அது பிழையாகவே படவில்லை, முறைப்படி நடக்கிறது என்று திருப்தியாகக்கூட இருந்தது.

அன்று போகும்போது அவள் "போயிட்டு வரேன் அத்தை" என்றாள். அவர்களுடைய ஊரில் மாமியாரை அத்தை என்பார்கள். எங்களில் மாமி என்போம். நான் "மாமி எண்டு சொல்லும்" என்று திருத்தியிருக்கலாம், அத்தையாகவே விட்டிருக்கலாம். நான் சொன்னது என்ன தெரியுமா? "அன்ரி எண்டு கூப்பிடும் பிள்ளை, அதுதான் லேசு." பக்கத்து வீட்டுக்காரியும் அன்ரி, பல் டொக்ரரின் கவுன்ரரில் இருப்பவளும் அன்ரி. நீ சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது. அடுத்த மாதம் மாமாவின் பேத்தியின் பிறந்தநாள் விழாவுக்கு எடுத்த ஹோலில் யாரோ, "உவ ஆர்?" என்று கேட்டபோது, "தம்பியோட பழகிற பிள்ளை, இந்தியா" என்றேன். அவள் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். நான் சொன்னதற்குத் தலையையும் ஆட்டினாள். 

பிறகு பங்குனி வந்தது. உன் ரக்ஸுக்கு வந்தேன். நீ குளிர்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு என்ன தின்னலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாய். "தம்பி, உன்ரயைச் செய்யிறன், ஒருக்கா வந்து பாக்கிறியா?" என்று கேட்டேன். "நீங்க பாத்தா சரி அம்மா. யூ நோ திஸ் ஸ்ரஃப்" என்றாய். முதல் பக்கத்திலேயே அந்தக் கேள்வி இருந்தது. வருடத்தின் கடைசி நாளில் நீ தனியாளா, கலியாணம் கட்டினவனா? அதற்கு முந்தைய வருட விபரங்கள் கம்பியூட்டரில் தானாக வந்து நின்றன, தனியாள் என்று. மாற்றுவதற்கு ஒரு தட்டுத் தட்டினால் போதும். மாற்றினால் அவளுடைய பெயரை எழுத ஒரு பெட்டி திறக்கும்.

நான் மாற்றவில்லை. கவனியாமல் விட்டேன் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது, ஆனால் கவனித்தேன். அந்தக் கேள்வியில் நின்று, எனக்கு நானே இரண்டு நியாயம் சொன்னேன். ஒன்று, தாலி கட்டவில்லைத்தானே. மற்றது உன் படிப்புச் செலவு. நீ பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் கட்டணத்துக்கு வரிக்கழிவு உண்டு. உனக்கு வருமானம் இல்லாததால் அதில் ஒரு பங்கை இத்தனை வருடமும் எங்கள் வரியில் எடுத்துக்கொண்டிருந்தோம். நீ கலியாணம் கட்டியவன் என்று போட்டால் நீ எங்களைச் சார்ந்த பிள்ளையில்லை, அந்தக் கழிவு போய்விடும் என்று நினைத்தேன். கட்டணத்தைக் கட்டுவது நாங்கள், கழிவு மட்டும் ஏன் போகவேண்டும்? எனக்குச் சரியாகத்தான் பட்டது. அடுத்த பக்கத்துக்குப் போனேன். திரும்பி வந்த பணத்தில் மேல் அறைக்கு மரத்தரை போட்டோம். தாலி கட்டிய பிறகு நீங்கள் இரண்டு பேரும் இருப்பதற்கென்று ஒதுக்கிய அறைக்கு.

அந்தக் கோடையில் ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டீர்கள். கேட்ட பேப்பர்களை எல்லாம் நீயே இணைத்தாய், உன் வரி அறிக்கையையும் சேர்த்து. அதை நீயும் வாசிக்கவில்லை, அம்மா செய்தது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. குளிர்காலத்தில் குடிவரவு அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பத்தில் கணவன் மனைவி என்கிறீர்கள், வரியில் நீ தனியாள் என்று இருக்கிறது, ஒரே வீட்டிலும் இல்லை, இது உண்மையான கலியாணம்தானா, விளக்கம் தாருங்கள். அவளுடைய வரி அறிக்கையும் அதிகாரியிடம் இருந்தது. அவள் அதைக் கொலிஜில் இலவசமாகச் செய்து கொடுக்கிற இடத்தில் போய்ச் செய்திருந்தாள். கலியாணம் கட்டியவள் என்று போட்டு, கணவன் பெயர் என்ற பெட்டியில் உன் முழுப் பெயரையும், அப்பாவின் பெயரையும் சேர்த்து, ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். அவள் உன்னை எழுதியிருந்தாள். உன் பக்கத்தில் அவள் இல்லை.

நீங்கள் இரண்டு பேரும் அந்தக் கடிதத்தோடு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தீர்கள். நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எனக்கு வரும். நீ மெல்லத்தான் கேட்டாய். "ஏன் அம்மா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"தாலி கட்டேல்லைத்தானே ராசா."

"அப்ப இந்த வீட்டில, உங்கட முன்னறையில எழுதினது என்ன?"

நான் அந்தக் கடிதத்தை மடித்தேன். அவள்தான் உன் கையைப் பிடித்து, "விடுங்க, ஆன்ட்டி தெரியாம செஞ்சிருப்பாங்க" என்றாள். விசா முடிகிற பிள்ளை, ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துபோய் இருந்த பிள்ளை, எனக்காகப் பேசினாள். தெரியாமல் செய்தேன் என்று அவள் நம்பினாளா, அல்லது தெரிந்துகொண்டே எனக்கு ஒரு வழி விட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அந்த வழியால் நழுவிப் போனேன். "ஓம், கவனிக்கேல்லை" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். ரக்ஸில் ஒரு சதம் பிழைத்தாலே கண்டுபிடிக்கிற அம்மா இதைக் கவனிக்கவில்லையாம். அந்தக் கிழமைதான் நீ சூட்கேசை எடுத்தாய்.

நீ போன பிறகு வரிக் கந்தோருக்குப் போன் எடுத்தேன். காத்திருந்து காத்திருந்து ஒரு பெண் கிடைத்தாள். திருத்த வேண்டும், திருத்தினால் படிப்புக் கழிவை நான் திருப்பிக் கட்டவேண்டுமா என்று கேட்டேன். அவள் ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். பிள்ளை கலியாணம் கட்டியதால் மட்டும் அது போய்விடாதாம். பிள்ளையின் மனைவி தன் வரியில் அவனுக்கென்று சலுகை எதுவும் எடுக்காவிட்டால், அவன் விரும்பினால், பெற்றோருக்கு முன்போலவே கொடுக்கலாமாம். உன் மனைவி எதுவும் எடுத்திருக்கவில்லை. ஆக, நான் அவளுடைய பெயரை எழுதியிருந்தாலும் அந்தப் பணம் வந்திருக்கும், அந்த மரத்தரையும் போட்டிருக்கலாம். நன்றி சொல்லிப் போனை வைத்தேன். காசுக்காகச் செய்தேன் என்றாவது சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த நியாயமும் போய்விட்டது.

மற்ற நியாயத்தை உங்கள் ஸ்பொன்சர் கேஸைப் பார்க்கிற வக்கீல் பிள்ளை எடுத்துக்கொண்டாள். நீ சொல்லித்தான் அப்பாவும் நானும் அவளுடைய கந்தோருக்குப் போனோம். நான் விளக்கக் கடிதத்தை வீட்டிலேயே அழகாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். எங்கள் கலாச்சாரத்தில் தாலி கட்டும் வரைக்கும் கலியாணம் முடிந்ததாகக் கருதுவதில்லை, அதனால் தாயார் தனியாள் என்று போட்டுவிட்டார், மன்னிக்கவும். அவள் வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள். "அன்ரி, உதைக் குடுத்தா கேஸ் முடிஞ்சுது. அவை ரெண்டு பேரும் கலியாணம் கட்டேல்லை எண்டு நீங்களே எழுதித் தாறீங்கள். உங்கட மகனும் அப்பிடித்தான் நினைச்சவரோ?"

"இல்லை. அவனுக்கு உது தெரியாது."

"அப்ப அதை எழுதுங்கோ. அவருக்குத் தெரியாது, நீங்கள்தான் செய்தனீங்கள் எண்டு. ஏன் செய்தனீங்கள் எண்டும் எழுதவேணும்."

திரும்பி வரும்போது அப்பாதான் கார் ஓட்டினார். உனக்கு அவரைத் தெரியும், சிவப்பு விளக்கில்தான் அவருக்குப் பேச்சு வரும். எக்ளிங்ரன் விளக்கில் நின்றபோது சொன்னார், "நான் உம்மட பேரை எழுதினனான்."

இது உனக்குத் தெரியாத கதை. அப்பா பார்க்டேலில் நாலு பேரோடு ஒரு அப்பார்ட்மென்றில் இருந்த காலத்தில் கொழும்புக்கு வந்து என்னை எழுதிவிட்டுத் திரும்பினார். தாலி இல்லை, சடங்கு இல்லை. அந்த வருடம் ரக்ஸ் செய்யும்போது கூட இருந்தவர்கள், "பொம்பிளை அங்க, பேர் இஞ்சயோ" என்று பகிடி பண்ணினார்களாம். இவர் எனக்குப் போன் எடுத்து, என் நீட்டுப் பெயரை இங்கிலீசில் எப்படி எழுதுவது என்று ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டார். அது எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு கொழும்பில் விசா நேர்முகத்துக்குப் போனபோது அதிகாரி அந்தப் பேப்பரைத்தான் முன்னால் வைத்திருந்தார். அதில் என் பெயர் இருந்தது. நான் இந்த நாட்டில் கால் வைக்க முதலே என் பெயர் இங்கே வந்து, உன் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தது. வெறுங்கழுத்தோடுதான் விமானம் ஏறினேன். தாலி ஏறியது இங்கே வந்து பல மாதம் கழித்து. இதை நான் மறந்துபோனேன் என்றால் பொய். எனக்கு நடந்தது கலியாணம், அவளுக்கு நடந்தது வெறும் பேப்பர் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

அன்றைக்கே உங்கள் குடிவரவு அதிகாரிக்குப் புதுக் கடிதம் எழுதினேன். அதில் இருந்ததை உனக்கும் சொல்கிறேன். அவள் இந்த நாட்டில் தங்குகிற நிரந்தர வதிவிட அட்டைக்காகத்தான் உன்னைப் பிடித்தாள் என்று ஹோலில் ஒருத்தி சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை, பாதி நம்பினேன். எங்கள் ஆட்களில் ஒரு பெண் வரவில்லையே என்ற எரிச்சலும் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று. நீ பிறந்த வருடத்திலிருந்து உன்னை என் படிவத்தில் எழுதிக்கொண்டு வருகிறேன். பிள்ளைப் பராமரிப்பு, பள்ளிக்கூடம், பல்லுக்குக் கம்பி கட்டியது, பிறகு பல்கலைக்கழகம். பெட்டி மாறினாலும் நீ என் கணக்கில்தான் இருந்தாய். உன் படிவத்தில் அவளுடைய பெயரை எழுதினால் நீ என் கணக்கிலிருந்து போய்விடுவாய் என்று பயந்தேன். இருபது வயது தாண்டிய பிள்ளையை ஒரு கழிவைப் போலப் பிடித்து வைத்திருந்தேன். அதிகாரிக்கு இங்கிலீசில் எழுதும்போது இந்த இடத்தில் எனக்குச் சொல் வரவில்லை. "அவள் என் மகனை எடுத்துக்கொள்வதை நான் விரும்பவில்லை, என் மகன் ஒரு பிழையும் செய்யவில்லை, அவள் அவன் மனைவி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வக்கீல் பிள்ளை வாசித்துவிட்டு, "இது சரி அன்ரி" என்றாள். பாராட்டு மாதிரித்தான் சொன்னாள், எனக்கு அழுகை வந்தது.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் அம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. உன் பெயரில் போகிற எதையும் வாசிக்காமல் விடாதே, அது உன் அம்மா செய்ததாக இருந்தாலும். நம்பிக்கை என்று நீ நினைத்தது எனக்கு வசதியாகிப் போனது. நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை வந்து, அது உங்கள் படிவத்தில் ஏறினால், ஆசையாக எழுதுங்கள். இறங்கிப் போகிற வருடத்தில் அதன் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவள் வருத்தப்பட்டால், "அம்மா அப்பிடித்தான், விடும்" என்று எனக்காகச் சமாதானம் சொல்லாதே. அவள் என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டட்டும், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது.

போன ஞாயிறு அதே ஹோலில் ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கு, பூப்புனித நீராட்டு. முன்பு கேட்ட அதே ஆள், "தம்பியோட அந்த இந்தியாப் பிள்ளை பழகினது, இப்பவும் இருக்குதோ?" என்று கேட்டார். "அவ என்ர மருமகள். எழுதி ஒண்டரை வருசமாகுது. அண்டைக்கு நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்" என்றேன்.  அப்பா வடையைக் கடித்தபடி என்னைப் பார்த்தார். அவள் அங்கே இல்லை, அவள் கேட்டிருக்க வேண்டிய சொல்லை அவள் இல்லாத இடத்தில் சொல்லிவிட்டு வந்தேன். குடிவரவிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. அவளை இங்கே இருக்கவிடாமல் செய்தால் அதை என்னால் திருத்தவே முடியாது என்று எனக்குத் தெரியும். அவளுடைய அம்மா போனில் அழுதது ஒவ்வொரு நாளும் சீனிப் பேணியைத் திறக்கும்போது கேட்கிறது.

மறுபடி பங்குனி. மாமாமாரின் பைகள் வரத் தொடங்கிவிட்டன. உன்னுடையதை நான் தொடப்போவதில்லை. அந்த முதல் கேள்வி வரும்போது அவளைப் பக்கத்தில் இருத்தி, அவளையே அழுத்தச் சொல். மேல் அறை திறந்துதான் இருக்கிறது. தாலிக்கு நான் இனி நாள் குறிக்கமாட்டேன், நீங்கள் எப்போது விரும்புகிறீர்களோ அப்போது. அவள் வந்தால் என்னை அத்தை என்றே கூப்பிடட்டும். கூப்பிட மனம் வராவிட்டால் கூப்பிடாமலும் இருக்கட்டும்.

போன வருடப் படிவத்துக்கு அனுப்பிய திருத்தத்துக்கு வரிக் கந்தோரின் பதில் நேற்றுத் தபாலில் வந்தது. உறையில் உன் பெயர். உள்ளே இந்த முறை அவளுடைய பெயர் இருக்கும். உறையைப் பிரிக்கக் கத்தியை எடுத்துவிட்டுத் திரும்பவும் மேசை லாச்சிக்குள் வைத்தேன். நீ பிறந்த நாளிலிருந்து உன் பெயருக்கு வந்த அரசாங்கக் கடிதத்தில் நான் உடைக்காத முதல் கடிதம் இதுதான். குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் வந்து உடையுங்கோ.

அம்மா